மூன்றாவது படத்தின் ஓரத்தில்

"அப்பா, இந்தத் தடவ கேமராவ பீரோலயே வெச்சிடுங்க. ஃபோன்லயும் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க."

2022 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை, பொழிச்சலூரில் இருக்கும் என் மகள் பெருங்களத்தூரில் இருக்கும் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. பொதுவாக நான் எதையும் தேதி போடாமல் எழுதுகிறவன் இல்லை. ஆனால் இந்த அனுபவத்தை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்க, தேதி மட்டும் போடாதீங்க" என்றாள் மகள். அதனால் மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எப்போது கடந்தது, எந்த விளக்கு எப்போது பழுதானது என்று எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கேமராவுக்கு இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்தே படம் எடுக்கிறேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பரிசு எதுவும் வாங்கியதில்லை. வீட்டு விசேஷங்கள், பக்கத்தில் இருக்கும் பீர்க்கன்காரணை ஏரி, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போகும் வண்டலூர் பூங்கா, எப்போதாவது பரங்கிமலை. என் உலகம் இவ்வளவுதான். எடுத்த படங்களை அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றி, தேதி, இடம், படத்தில் இருப்பவர்கள் யார் என்று எழுதிவிடுவேன். ஒருமுறை மறந்துபோய்ச் செவ்வாய்க்கிழமையில் வண்டலூருக்குப் போய்விட்டோம். பூங்காவுக்கு அன்று விடுமுறை. மூடியிருந்த கேட்டைப் படமெடுத்து, அதற்கும் தேதி போட்டு வைத்தேன். "கொக்குக்குப் பொறந்த நாள் கொண்டாடுற மனுஷன்" என்று என் மனைவி என்னை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறிமுகப்படுத்துவாள்.

மகள் எங்களுக்கு ஒரே குழந்தை. அவளுடைய முதல் பிறந்தநாளிலிருந்து கல்யாணம் வரை ஒரு வருடம்கூட விடாமல் என்னிடம் இருக்கிறது. அவளும் அதில் பெருமைப்பட்டவள்தான். சிறு வயதில் தோழிகள் வீட்டுக்கு வந்தால் ஆல்பத்தை அவளே எடுத்து விரித்துவைப்பாள்.

அவள் முதல்முறை கருவுற்றபோது நான் சும்மா இருப்பேனா? ஐந்தாம் மாதம் வளையல் அடுக்கினோம். அன்று முழுக்க எடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குப் போனோம். மரத்தடி பெஞ்சில் வயிற்றில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்த ஒரு படம் நன்றாக அமைந்துவிட்டது. குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அந்தக் கரு தங்காமல் போய்விட்டது.

மருத்துவர் சொன்ன காரணம் வேறு. அது எங்களுக்கும் புரிந்தது. ஆனால் துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர் ஹாலில் காபி குடித்துக்கொண்டே, "இப்படி ஓயாம போட்டோ புடிச்சி ஊரெல்லாம் காட்டுனா கண்ணு படாதா?" என்றார். பக்கத்து அறையில் மகள் படுத்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அடுத்த வருடம் மறுபடி கருவுற்றபோதுதான் மேலே இருக்கும் செய்தி வந்தது.

நான் "சரிம்மா" என்று பதில் போட்டேன். கண்ணேறு போன்ற விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நிறையப் படிக்கிறவன், இதற்கெல்லாம் எதிராக நாலு மணி நேரம் பேசுவேன். ஆனால் பயந்திருக்கும் பெண்ணிடம் வாதாடி ஜெயித்து என்ன செய்ய? கேமராவைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். குழந்தை பிறந்து, முப்பது நாள் கழிந்து, தொட்டில் போட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடிவானது. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையை அதற்கு முன்பு படமெடுக்கக் கூடாது என்று பழைய வழக்கமும் உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டோம். மாப்பிள்ளையும் சம்மதித்தார். மகளைப் பார்க்கப் போகும்போது ஃபோனைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்காமல் இருக்கப் பழகினேன். பொழிச்சலூர் மொட்டை மாடியில் தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது என் கை தானாக, கேமரா தொங்கும் இடுப்புப் பக்கம் போகும். அதைப் பார்த்து மகள் சிரிப்பாள். "ஏரோப்ளேன எடுக்கலாம்பா, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பாள்.

ஆகஸ்டில், நாள் நிறைவதற்கு இரண்டு மாதத்துக்கும் மேல் இருக்கும்போது, ஒரு காலை நேரத்தில் மாப்பிள்ளை பதறிக்கொண்டு அழைத்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் மகளைச் சேர்த்திருந்தார்கள். நானும் மனைவியும் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அறுவை சிகிச்சை அரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நோயாளியுடன் ஒருவர்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு இருந்ததால் மாப்பிள்ளை மட்டும் உள்ளே. அரங்குக்கு வெளியே இருந்த நீளமான நடைக்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அங்கே எங்களை உட்காரச் சொன்னார்கள். மனைவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

வெளியே, ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. அதில் ஒரு ஜோடி மைனா குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்துகொண்டிருந்தது. ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே காவல். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஃபோனை எடுத்துப் படம் எடுக்க ஆரம்பித்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"இன்னா சார், இங்க வந்து மைனாவ புடிச்சிகினு கீறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கையில் இனிப்பு டப்பா. பம்மலில் தோல் பை, பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். முந்தின நாள் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையைப் பார்க்க அவருடைய அம்மா பர்தாவில் வந்திருந்தார். தாயும் சேயும் அறுவை அரங்குத் தளத்திலிருந்து கீழே அறைக்கு மாறப்போகிறார்கள். அவர் மனைவி சக்கர நாற்காலியில், மடியில் குழந்தை. அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தில் என்னாலும் கொஞ்சம் சிரிக்க முடிந்தது.

"சார், நீங்க போன புடிக்கிற ஸ்டைலே வேற மாரி கீது. எங்களயும் ஒண்ணு எட்த்து குடுங்க. எங்கம்மா வேணாங்கறாங்க, பச்சப் புள்ளைய எடுக்கக் கூடாதாம். நா கேக்கமாட்டேன்."

"டேய், சொன்னா கேளுடா" என்றார் அந்த அம்மா. ஆனாலும் முகத்திரையைச் சரிசெய்துகொண்டு போய் மருமகள் பக்கத்தில் நின்றார்.

யாராவது கண் மூடிவிடுவார்கள் என்பதால் நான் எப்போதும் ஒரே காட்சியை மூன்று நான்கு தடவை எடுப்பேன். அவருடைய ஃபோனில் இரண்டு எடுத்தேன். மூன்றாவதை எடுக்கும்போது அரங்கின் பக்கவாட்டுக் கதவு திறந்து, பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் கையில் எதையோ அணைத்தபடி வேகமாகக் குறுக்கே போனார். படத்தின் ஓரத்தில் அவர் வந்துவிட்டார். எனக்குப் பின்புலம் சுத்தமாக இருக்க வேண்டும். ஏரியில்கூட ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்தால் அது நகரும்வரை காத்திருப்பவன். "கொஞ்சம் இருங்க, நர்ஸ் போயிடட்டும்" என்றேன். அவர் போன பிறகு நான்காவதை எடுத்தேன். அது அருமையாக வந்தது. குழந்தையின் அப்பா பார்த்துவிட்டு, "செம சார்! பட்டறைக்கு வாங்க. பேரப்புள்ள ஸ்கூலுக்குப் போறப்ப நானே பை தெச்சி தரேன்" என்று சொல்லி, இனிப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தார். பெண் குழந்தை. எடை மிகக் குறைவு. மூச்சுக்கு உதவி தேவைப்படுவதால் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே கொண்டுபோய்விட்டார்களாம். மகள் மயக்கத்தில் இருக்கிறாள்.

எங்கள் பேத்தி அங்கே ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அந்தப் பிரிவுக்குள் தாய் தகப்பன் தவிர யாரையும் விடமாட்டார்கள். ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது கிருமிக்காக எல்லா இடத்திலும் இருக்கும் விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னையும் மனைவியையும் ஒரே ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நிற்க அனுமதித்தார்கள். உள்ளே, புதிதாக வந்த குழந்தைகளின் வரிசையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது எங்களுடையது என்று நர்ஸ் விரலால் காட்டினார். குல்லாயும் குழாயும் போக மிச்சம் இருந்த முகத்தை அவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன பார்த்திருப்பேன்? மகளை மட்டும் சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் கூட்டிப்போனார்கள். அவள் விரலைப் பெட்டியின் துளை வழியாக விட்டுத் தொட்டிருக்கிறாள்.

கடைசி நாள் குழந்தையைத் துணியில் சுற்றி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பித் தந்தாள். நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. எனக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் நான் சொன்ன சொல் அது. அவள் "வேணாம்" என்று சொன்னதை மாற்றிச் சொல்லாத வரையில், அந்த இடத்தில், அந்தப் பெண்ணின் முன்னால் ஃபோனை உயர்த்தும் தைரியம் யாருக்கு வரும்? தாம்பரம் பக்கம் இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் வேலைக்குத் திரும்பப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சாப்பிடுவாள், அம்மாவோடு டி.வி. பார்ப்பாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வெளியிலிருந்து பார்க்க. அடுத்த வருடம் தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருநாள், நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். அவள் வந்து பின்னால் நின்றாள்.

"அப்பா, ஒரு படம்கூடவா இல்ல?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. இல்லம்மா என்றேன்.

"நீங்க எங்கயாவது எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாம. திட்டமாட்டேன்பா."

"நீ வேணாம்னு சொன்னியேம்மா."

"சொன்னேன்தான்." திரையைப் பார்த்தாள். பிறகு, "முகம் மறந்துகிட்டே வருதுப்பா. மூக்கு எப்படி இருந்துச்சுன்னு நேத்து ராத்திரி யோசிச்சேன். வரல" என்றாள்.

அவளாகவே மௌஸை வாங்கினாள். அந்த மாதத்து ஃபோல்டரைத் திறந்தாள். என் ஃபோனில் எடுப்பதும் அதில்தான் சேரும். வரிசையாக மைனாக்கள். இரையோடு வரும் மைனா, பொந்தில் தலை நீட்டும் குஞ்சு, காவல் நிற்கும் மைனா. கீழே நான் வழக்கம்போலத் தேதியும் இடமும் எழுதியிருந்தேன். மருத்துவமனையின் பெயரோடு. அன்று எழுதியிருக்க முடியாது. பிறகு எப்போதோ பழக்கத்தில் கை எழுதியிருக்கிறது.

"மைனாவ எடுத்திருக்கீங்க" என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு தகவலைப் படிப்பதுபோலச் சொன்னாள். என் ஆயுசில் என்னிடம் யாரும் அதைவிடக் கடினமாக எதுவும் சொன்னதில்லை. இந்த ஏரியின் ஒவ்வொரு முக்குளிப்பான் பறவைக் குடும்பத்துக்கும் என்னிடம் வரலாறு இருக்கிறது. எங்கள் வீட்டில் பிறந்து போன ஒரே பேத்திக்கு நகம் அளவுகூட இல்லை.

அன்று முதல் என் வேலை தேடுவதாகிவிட்டது. மருத்துவமனையில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை. குழந்தையின் கால்தடம் பதித்த சீட்டு ஒன்று கோப்பில் இருந்தது, அதன் நகலைக் கொடுத்தார்கள். மை தீற்றலாகத்தான் இருந்தது. மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கால் ஞாபகம் இருக்குப்பா. முகம்தான்" என்றாள்.

பிறகு ஒருநாள், எனக்குத் தெரிந்த ஒரே முறையில் உட்கார்ந்தேன். அந்தக் காலையை, ஆட்டோவில் ஏறியதிலிருந்து, நடந்த வரிசையில் எழுதிப் பார்த்தேன். நாற்காலி, ஜன்னல், மைனா, பம்மல் பைக்காரர், அவர் ஃபோன், ஒன்று, இரண்டு, மூன்று. அங்கே பேனா நின்றுவிட்டது. "கொஞ்சம் இருங்க, நர்ஸ் போயிடட்டும்." அந்த நர்ஸ் கையில் அணைத்துக்கொண்டு போனது என்ன? அரங்கின் பக்கவாட்டுக் கதவிலிருந்து அந்தத் திசையில் என்ன இருக்கிறது? தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றுதான் இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். "கெடைக்கலேன்னா அவகிட்ட சொல்லாதீங்க. இன்னொரு தடவ அவளால முடியாது" என்றாள். "கெடச்சா?" என்றேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பம்மலுக்குப் போனேன். பெயர் தெரியாது. பை தைக்கும் பட்டறை, போன வருடம் ஆகஸ்டில் பையன் பிறந்தவர் என்று கேட்டுக்கொண்டு போனால் யார் சொல்வார்கள்? இரண்டு நாள் அலைந்தேன். தோல் வாசனை வரும் சந்தெல்லாம் நுழைந்து பார்த்தேன். மூன்றாவது தடவை போனபோது ஒரு டீக்கடையில் அவரே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார்! மைனா சார்! இன்னா சார், பேரப்புள்ளைக்கு பை வாங்க வந்தீங்களா? அதுக்குள்ள ஸ்கூலா?"

நான் சொன்னேன். டீக்கடையில் நின்றபடிதான். அவர் கையிலிருந்த டம்ளரை மேடைமேல் வைத்தார். என் கையைப் பிடித்துப் பட்டறைக்கு மேலே இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஹாலில் சுவரில் நான் எடுத்த நான்காவது படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பின்புலம் அவ்வளவு சுத்தம். அதற்குக் கீழே அந்தப் பையன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் பயந்து பாட்டியின் பின்னால் ஒளிந்தான்.

ஃபோனை மாற்றிவிட்டதாகச் சொன்னார் அவர். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அவரு எதயும் அழிக்கமாட்டாரு சார். எல்லாம் மெயில்ல ஏறிக்கினேதான் இருக்கும். இடம் ரொம்பிப் போச்சுன்னு தெனம் மெசேஜ் வருது" என்றார். பைக்காரர் ஃபோனில் படங்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். கல்யாணங்கள், பைகள், பைகள், பையனின் முதல் பல், பைகள். கடைசியில் அந்த மருத்துவமனை நடைக்கூடம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நர்ஸின் பச்சைத் தோள். முழங்கையின் வளைவில் வெள்ளைத் துணி. துணியின் மேல் விளிம்பில் ஒரு குல்லாய். குல்லாய்க்குக் கீழே ஒரு கன்னம், மூடிய ஒரு கண். நர்ஸ் நடந்துகொண்டிருந்ததால் எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. மூக்கு இருக்கும் இடத்தில் அவருடைய விரல் இருந்தது.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். படத்தை என் ஃபோனுக்கு அனுப்பிவிட்டு, நான் கிளம்பும்போது பைக்காரர் தெருமுனைவரை வந்தார்.

மகளிடம் காட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் பல நாள் பேசினோம். நான் அதற்குள் சரிபார்க்க முடிந்ததை எல்லாம் சரிபார்த்தேன். படத்தில் பதிவான நேரத்துக்கும் மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் பிறந்த நேரத்துக்கும் இடைவெளி கால் மணிக்கும் குறைவு. பிறப்பு முந்தியது, படம் பிந்தியது. இதுவரை பொருந்துகிறது. ஆனால் அன்று காலை அதே நேரத்தை ஒட்டி இன்னொரு குழந்தையும் குறைமாதத்தில் பிறந்து அதே பிரிவுக்குப் போயிருக்கிறது. கண்ணாடிக்குள் நான் பார்த்த பக்கத்துப் பெட்டி அதுதான். எந்தக் குழந்தையை எப்போது எந்த நர்ஸ் தூக்கிப்போனார் என்று எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ, எங்கள் குழந்தையைச் சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டியில் தள்ளிக்கொண்டு போனதாக ஒரு நினைவு. "ஆனா மாமா, நான் அப்ப பேப்பர்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சத்தியமா சொல்ல முடியாது" என்றார். அன்று பணியில் இருந்த நர்ஸ்களில் ஒருவர்தான் இன்னும் அங்கே இருக்கிறார். படத்தைப் பார்த்தார். தோளை வைத்து யார் என்று சொல்ல முடியவில்லை என்றார்.

கடைசியில் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. தெரிந்ததையும் தெரியாததையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எடுத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு ஃபோனை வாங்கி, இரண்டு விரலால் அந்தக் கன்னத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அது கட்டம் கட்டமாக உடைந்துபோகும் வரை பெரிதாக்கிவிட்டு, மறுபடி சிறிதாக்கினாள். மனைவி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் "இவதான்" என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். தப்பான பெயரையோ தேதியையோ ஒரு படத்தின் கீழே எழுதியதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான். அன்று அவள் சொன்னால் அப்படியே எழுதிவைக்கத் தயாராக இருந்தேன்.

"எனக்கே தெரியலப்பா" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, "பெத்தவளுக்குத் தெரியணும்ல?" என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கும் வழி கிடைத்திருக்கும். மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். மற்றவர்களை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முழுசாகவே இருக்கட்டும் என்றாள். இப்போது அது அவளிடம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. நடுவில் வேறு யாருடைய சந்தோஷமோ சிரித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் கால் பங்கு முகத்தோடு இருக்கும் அந்தப் படம்தான் எங்களுக்குக் கிடைத்தது.

அதன் பிறகு நான் கேமராவை எடுத்து ஏரிக்குப் போகவில்லை. கூடப் போகிறவர்கள் கூப்பிடுகிறார்கள். நத்தைகுத்தி நாரைகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். போகலாம், போகக் கூடாது என்றில்லை. போனால், ஒரு நல்ல படத்துக்காக எதையோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பை இனி என்னால் செய்ய முடியவில்லை.

நான் காத்திருந்து விலகிப்போகவிட்டது எங்கள் பேத்தியைத்தானா, அல்லது பக்கத்துப் பெட்டியில் இருந்து பிழைத்து, இந்நேரம் ஏதோ ஒரு வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கக்கூடிய வேறொரு குழந்தையையா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை. இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.